ஒற்றை ஆளுக்குச் செய்த கார்

1

பொள்ளாச்சியிலிருந்து என் மைத்துனர் மகன் கார்த்தி வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். "மாமா, சின்ன ஹேட்ச்பேக் ஒண்ணு பாத்து வெச்சிருக்கறனுங்க. பட்ஜெட் கார்தான். நீங்க இத்தன வருசமா அந்த மாதிரிதான ஓட்டறீங்க. நெறை கொறை சொல்லுங்க."

குடும்பத்தில் என்னிடம் யாரும் ஆலோசனை கேட்பதில்லை. வெளிநாடு போய் இத்தனை வருடத்தில் ஊரில் ஒரு மாடி வீடு எழுப்பாதவனுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள். அதனால் கேள்வியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பெட்ரோல் மிச்சம். மேட்டில் இழுக்காது" என்று அனுப்பினேன். கட்டைவிரல் உயர்த்திய பொம்மை ஒன்று பதிலாக வந்தது. விஷயம் முடிந்தது.

எனக்கு முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அதே காரில்தான் என் மனைவி செண்பகத்தை இந்த மலையிலிருந்து இறக்கிவிட்டு வந்தேன். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகளோடு இருக்கப் போயிருக்கிறாள். "ரெண்டே மாசந்தானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் திரும்பி வருவாளா என்பதும் இந்தக் காரின் நிறை குறைகளில் அடக்கம். அதை வாட்ஸ்அப்பில் எழுத முடியாது. ஆகவே இங்கே.

2

கடல் கடந்து போகிறவன் புதிதாக எதையாவது பார்ப்பான். நான் வால்பாறையில் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவன். விமானம் ஏறி, இரண்டு நாட்டு முத்திரை வாங்கி, கேமரன் மலைக்கு வந்து இறங்கி, அதே செடியைப் பார்த்தேன். அதே மழை, அதே அட்டை, வதக்கும் தொட்டியிலிருந்து அதே பச்சை வாசனை. எனக்குக் கொடுத்த வேலையும் இலையைப் பக்குவம் பார்த்துத் தூளாக்கும் அதே 'டீ மேக்கர்' வேலை. புலம்பெயர்ந்ததற்கு ஒரே அத்தாட்சி சம்பளம் வேறு காகிதத்தில் வந்ததுதான்.

ஒப்பந்தம் இரண்டு வருடம். இரண்டு வருடம் என்பது எங்கள் வீட்டில் கால அளவு அல்ல, மந்திரம். கட்டில் வாங்கும்போது "ரெண்டு வருசத்துக்கு இது போதுங்க" என்றாள் செண்பகம். நாற்காலி பிளாஸ்டிக். திரைச்சீலைக்குப் பதில் பழைய சேலை. காரும் அப்படித்தான் வந்தது. ஒரு ஆசிரியர் ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற, கடுகு டப்பா போன்ற சின்ன ஹேட்ச்பேக். ஊருக்குப் போகும்போது தள்ளிவிடச் சுலபம் என்பதுதான் அதை வாங்கியதன் முழுத் தத்துவம். அந்த இரண்டு வருடம் இப்போது பதினேழாவது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

காரின் படத்தை ஊருக்கு அனுப்பியபோது கொஞ்சம் கீழேயிருந்து, வானம் தெரிகிற மாதிரி எடுத்தேன். மைத்துனர் உற்றுப் பார்த்துவிட்டு, "மாப்ளே, நம்மூருல இத வாடகைக்கு ஓட்டறாங்க" என்றார். அதற்குப் பிறகு நான் படம் எடுப்பதை விட்டுவிட்டேன்.

ரிங்லெட்டில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் மணியம்தான் முதல் முறை எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தவர். வெகுநேரம் பார்த்தார். கண் டாக்டர்கள் இப்படித்தான் பேசாமல் பார்ப்பார்கள்.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு சார். ஆனா எங்க குடியிருக்கீங்க?"

சொன்னேன்.

"அலாமா! அந்த மேட்டுலயா? சார், இது ஒத்த ஆளுக்குச் செஞ்ச காடி. நீங்க மட்டும் போனா பறக்கும்லா. குடும்பத்த ஏத்துனா அழுவும்."

இங்கே காரைக் 'காடி' என்பார்கள். என் காரைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் உள்ள புளித்த அர்த்தமும் பொருந்தும்.

3

நிறைகளையும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் கார்த்தி நான் பொறாமையில் பேசுவதாக நினைப்பான்.

பெட்ரோலைக் குடிக்காது, முகர்ந்து பார்க்கும். பள்ளி விடுமுறையில் மொத்தத் தீபகற்பமும் ஸ்ட்ராபெரி தின்ன மேலே வந்து, தானா ராத்தாவில் சாலை உறைந்து நிற்கும்போது, இரண்டு பெரிய வண்டிகளுக்கு நடுவே மூன்றாவது மனிதனைப் போல இது நின்றுகொள்ளும். தோட்டத்துச் சாலையில் கொழுந்து லாரி எதிரே வந்தால் செடியோடு செடியாக ஒதுங்கும். திருடர்கள் இதுவரை கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகப் போயிருக்கிறார்கள். பின் கதவைத் தூக்கி, பின் இருக்கையை மடித்தால், கோலா தெர்லாவில் வாங்கிய முட்டைக்கோஸ் மூட்டை, கேஸ் சிலிண்டர், கல்யாணத்துக்கு வாழைமரம் எல்லாம் போகும். மனிதர்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு.

இன்னொரு நிறை: மார்கழி மாதிரி குளிரும் காலை நேரங்களில், அரைமணி ஓட்டினால் எஞ்சின் சூடு மெல்லக் காலுக்கு வரும். செண்பகம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை அங்கே வைத்துக்கொள்வாள். இந்த மலையில் அவளுக்குக் கதகதப்பாக இருந்த ஒரே இடம் அது. சூடு அந்த இடத்தை வந்தடையும்போது வழக்கமாக வீடும் வந்திருக்கும்.

4

வீடு உச்சியில். தோட்டத்துத் துரைமார் ஒரு காலத்தில் ஜீப்பில் ஏறிப் போகப் போட்ட சாலை. துரை போனார், ஜீப் போனது, சரிவு மட்டும் அப்படியே இருக்கிறது. அடியில் ஒரு முனீஸ்வரர் கோயில். அங்கே நிறுத்தி ஹாரன் அடித்துவிட்டுத்தான் எல்லா வண்டியும் ஏறும்.

வந்த புதிதில் மகள் யாழினிக்கு ஏழு வயது. மூன்று பேரோடு இரண்டாம் கியரில் ஏறியது. அவள் நான்காம் வகுப்புக்குப் போனபோது முதல் கியர் தேவைப்பட்டது. ஆறாம் வகுப்பில் ஏசியை அணைத்தோம். பிள்ளை வளர்ந்ததை மற்ற வீடுகளில் சுவரில் கோடு போட்டுப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் கியரில் தெரிந்தது. அவள் வளர்ந்தாள், எஞ்சின் வளரவில்லை. ஒரு மழைநாளில் பாதி மேட்டில் சக்கரம் வழுக்கிப் பின்னால் சறுக்கியதும் குடும்பத்தில் ஒரு சம்பிரதாயம் பிறந்தது.

முனீஸ்வரர் கோயிலில் காரை நிறுத்துவேன். தாயும் மகளும் இறங்கிக் கும்பிட்டுவிட்டு நடப்பார்கள். நான் காரை மட்டும் ஓட்டிக்கொண்டு மேலே போவேன். உச்சியில், திரும்பும் இடத்தில், இடது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். அவர்கள் மூச்சு வாங்க வந்து ஏறிக்கொள்வார்கள். அங்கிருந்து வீடு ஐந்து வீட்டுத் தூரம்தான். அந்த ஐந்து வீட்டுத் தூரத்துக்கும் காரில் போனால்தான் காரில் வந்ததாகும் என்பது செண்பகத்தின் கொள்கை.

தோட்டத்து லாரி ஓட்டும் பெருமாளுக்கு இது தினசரிப் பொழுதுபோக்கு. "என்ன அக்கா, சாரு உங்கள நடக்க விட்டுட்டு சீட்ட மேல கொண்டு போறாரு?" என்பார்.

"காருக்கு முடியலீங்க தம்பி. எங்களுக்கு முடியுது" என்பாள் செண்பகம்.

ஒரு வருடம் கோயில் பூஜைக்கு ஆடு பிடித்து வர ஆள் இல்லை. நான் என் காரின் பின்பக்கத்தை மடித்து, ஆட்டை ஏற்றி வந்தேன். ஆட்டைக் கழுவி மாலை போட எங்கள் வீட்டுக் குழாயடிக்குக் கொண்டுபோக வேண்டும். மேட்டடியில் வழக்கம்போல யாழினி இறங்கினாள், ஆடு இறங்கவில்லை. அது கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே மேலே போனது. அன்று சிரித்தாள். பிறகு, பல்கலைக்கழகம் போன பிறகு, தோழிகள் முன்னால் என்னைப் பற்றிச் சொல்லும் கதை இதுவாகத்தான் இருந்தது. கதையில் வருடா வருடம் அவள் சிரிப்பது குறைந்தது.

5

ஏன் வேறு கார் வாங்கவில்லை என்று நியாயமான வாசகர் கேட்பார். அடுத்த வருடம் ஊருக்குப் போகிறோமே, எதற்கு? அடுத்த வருடமும் அதே பதில். ஒவ்வொரு முறையும் என் வேலை அனுமதி புதுப்பிக்கும்போது புகைப்படத்தில் முடி குறைந்தது, பதில் குறையவில்லை.

ஒரே ஒரு முறை துணிந்து வங்கிக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அன்பானவர். கடன் ஒன்பது வருடம், தவணை ஒன்றும் பெரிதில்லை என்றார். பிறகு என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

"உங்க பெர்மிட் அடுத்த வருஷத்தோட முடியுது, என்சிக்" என்றார். இங்கே 'ஐயா'வுக்கு அதுதான் சொல்.

"புதுப்பிப்பார்கள். இத்தனை தடவை புதுப்பித்திருக்கிறார்கள்."

"அது தெரியும். ஆனா இதுல எழுதியிருக்கிறது ஒரு வருஷம்தானே லா."

அவர் சொன்னதில் தவறே இல்லை. நானும் என் வாழ்க்கையை அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு வருட மனிதனுக்கு ஒன்பது வருடக் கார் எப்படிக் கொடுப்பார்கள்? தானா ராத்தாவில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். மேட்டடியில் ஹாரன் அடித்தேன்.

ஊருக்கு விடுமுறையில் போனால் அங்கேயும் இதே கதி. பொள்ளாச்சி ஓட்டலில் "நாலு இட்லி தப்பாவ் பண்ணிருங்க" என்று சொன்னதும், பரிமாறுகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பொட்டலம் கட்டச் சொன்னேன் என்று விளங்கவைப்பதற்குள் பின்னால் வரிசை நின்றுவிட்டது. யாழினி தலையைக் குனிந்துகொண்டாள். "அப்பா, உங்க ஊர்லயே உங்களுக்குப் பேச வரலயே" என்றாள். 'உங்க ஊர்' என்பதை அன்றுதான் முதலில் கேட்டேன். அப்படியென்றால் அவள் ஊர் எது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாள் என்ற பயம்தான்.

கோலாலம்பூரில் வேலை கிடைத்துச் சாமான் கட்டும்போது அதையும் சொல்லிவிட்டாள். வீட்டில் எடுத்துப்போக ஏதாவது வேண்டுமா என்று செண்பகம் கேட்டாள். யாழினி கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பிளாஸ்டிக் நாற்காலி, சேலைத் திரை, ஒரு கால் முட்டுக்கொடுத்த கட்டில்.

"எதம்மா எடுத்துட்டுப் போறது? நம்ம வீட்ல எல்லாமே விட்டுட்டுப் போறதுக்குன்னே வாங்கினதுதான."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

6

போன வருட மழையில் செண்பகத்துக்கு மூச்சிரைப்பு வந்தது. தானா ராத்தா மருத்துவமனையில், பனியும் ஈரமும் ஒத்துக்கொள்ளவில்லை, மேடு ஏறக் கூடாது, முடிந்தால் கீழ்நாட்டில் கொஞ்ச நாள் இருக்கலாம் என்றார்கள். முதல் இரண்டையும் கேட்டுக்கொண்டோம். மூன்றாவதை இருவருமே காதில் விழாதவர்கள் போல இருந்தோம்.

அவளால் நடக்க முடியாது. காரால் இருவரைச் சுமக்க முடியாது. மணியத்திடம் போய் நின்றேன்.

"ரிவர்ஸ்ல ஏறிப் பாருங்க சார். முன் சக்கரம் இழுக்குற காடி, பின்னாடி போனா வெயிட்டு முன்னால இறங்கும், வழுக்காது. ரிவர்ஸ் கியரும் கொஞ்சம் பலம்லா."

"மேடு முழுக்கவா?"

"கழுத்து வலிக்கும். காடிக்கு வலிக்காது."

ஏறியது! முனீஸ்வரர் கோயிலில் திருப்பி, கழுத்தை முறுக்கிப் பின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு, தேயிலை வரிசைகள் இரண்டு பக்கமும் தலைகீழாக ஓட, ஆட்டுக்குப் பிறகு முதல் முறையாகக் கார் இன்னொரு உயிரோடு உச்சியைத் தொட்டது. எனக்கு ஒரே பெருமை. பெருமாள் லாரியை ஓரம் கட்டிவிட்டுக் கை தட்டினார். "சார், ஊருக்குத் திரும்பிப் போறேன் திரும்பிப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்க, இப்பத்தான் திரும்பியிருக்கீங்க!"

பல மாதம் அப்படித்தான் வீடு போய்ச் சேர்ந்தோம். காய்கறி வாங்கி, மருந்து வாங்கி, பின்பக்கமாக. நான் எப்போதும் வீட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன், வேறு வழியில்லை. செண்பகத்தின் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்கு உறைக்க நாளாயிற்று. அவள் மடியில் பையோடு முன்னால் பார்த்தபடி இருப்பாள். அவள் முன்னால் கோயில், பாலம், தேயிலைக்குள் வளைந்து வளைந்து கீழே போகும் சாலை. தினமும் வீட்டுக்கு வரும்போதெல்லாம், வெளியே போகும் வழியைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"இங்கிருந்து பாத்தா ரோடு நல்லாத் தெரியுதுங்க" என்றாள் ஒருநாள்.

நான் கழுத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் சாக்கடையில் விழுவோம்.

அப்புறம் ஒரு மாலை, நல்ல மழை, பாதி மேட்டில் கிளட்ச் கருகியது. புகை உள்ளே வந்தது. செண்பகத்துக்கு இருமல் பிடித்து மூச்சுத் திணறியது. நான் கதவைத் திறந்துகொண்டு மழையில் நின்று, குடையால் காருக்குள் விசிறினேன். என் வாழ்நாளின் மொத்தப் பயனும் அந்தக் காட்சியில் அடங்கியிருந்தது. பெருமாள் லாரியோடு வந்து அவளைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்கார வைத்து, மேலே கொண்டுபோய் விட்டார். நான் காரோடு நின்றேன்.

மறுநாள் காலை சொன்னேன்: "பெரிய கார் ஒண்ணு பாக்கறேன். எப்படியாவது பாக்கறேன்."

அவள் தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். "இப்ப எதுக்குங்க? ரெண்டு வருசத்துல போயிரப் போறோம்" என்றாள். பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. தோசை கருகியது.

"யாழினிகிட்டப் போயி கொஞ்ச நாளு இருந்துட்டு வர்றனுங்க. ரெண்டே மாசந்தானுங்க."

7

யாழினி தோழியின் பெரிய காரில் மேலே வருவதாகச் சொன்னாள். செண்பகம் ஒப்புக்கொள்ளவில்லை. "நம்ம கார்லயே போலாமுங்க. எறக்கந்தான" என்றாள். உண்மைதான். இறக்கத்தில் எல்லாக் காரும் நல்ல கார்.

ஞாயிறு காலை கிளம்பினோம். பின்பக்கம் ஒரு பெட்டி, ஒரு சாக்குப்பையில் மிக்ஸி. மகள் வீட்டில் மிக்ஸி இல்லாமலா இருக்கும்? கேட்கவில்லை. மேடு இறங்கும்போது முனீஸ்வரருக்கு அவள் கும்பிட்டாள். ரிங்லெட் தாண்டி ஏரி வந்தது. வளைவுகளில் அவள் வால்பாறைக் கொண்டை ஊசிகளைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். கல்யாணமான புதிதில் பேருந்தில் அவள் வாந்தி எடுக்க, நான் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேனாம். செருப்பைக் கழற்றிப் பாதத்தைச் சூட்டில் வைத்துக்கொண்டாள். கீழே போகப் போக வெயில் ஏறியது. மலையடியில் இருக்கும் தாப்பாவுக்கு முன்பே கண்ணாடியை இறக்கி, பாதத்தை எடுத்துக்கொண்டாள். நன்றாக மூச்சு விட்டாள். அது என் காதில் விழுந்தது. சந்தோஷப்பட வேண்டிய சத்தம்தான்.

தாப்பா பேருந்து நிலையத்தில் யாழினி நின்றிருந்தாள். "அப்பா, காடி இன்னும் ஓடுதா?" என்றாள். பெட்டியைக் கோலாலம்பூர் பேருந்துக்கு மாற்றினோம். சாக்குப்பையைச் செண்பகம் தானே தூக்கிக்கொண்டாள்.

"ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாளைக்குக் கொழம்பு இருக்குதுங்க. மேட்டுல பாத்துப் போங்க."

"ரெண்டு மாசம்தானே" என்றேன்.

"ஆமாங்க."

யாழினி எங்கள் இருவரையும் பார்த்தாள். அந்த 'ரெண்டு' என்ற அளவை எங்களைவிட நன்றாகத் தெரிந்தவள் அவள்தான், அதற்குள் வளர்ந்தவள். காரின் பின் கதவைச் சாத்தினாள். ஒரு முறை சாத்தினால் அது சாத்திக்கொள்ளாது என்பது அவளுக்கு நினைவிருந்தது. இரண்டாவது முறை ஓங்கிச் சாத்தினாள்.

திரும்பி வரும்போது மதியம் தாண்டியிருந்தது. மேட்டடியில் பெருமாளும் அவர் மனைவி ராணியும் லாரியருகே நின்றிருந்தார்கள். ராணி நீலநிறக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். இடது முழங்கையில் வேறு நீலத்தில் ஒட்டுத் தையல். அந்த ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தவன் நான்.

நான் பார்ப்பதைப் பார்த்து ராணிக்கே சங்கடமாகிவிட்டது. "அக்காதான் நேத்து வீட்டுக்கு வந்து கொடுத்தாங்க சார். எல்லாத்தையும் கொடுத்துட்டாங்க. குளிருக்குப் போடுறது, சால்வை, காலுறை எல்லாம். நான் வேணாம்னுதான் சொன்னேன். கீழ இருக்கப் போறவளுக்கு எதுக்குடின்னாங்க."

"உனக்கு நல்லா இருக்கும்மா" என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

ஹாரன் அடித்தேன். முதல் கியரில் கிளம்பினேன். கிளட்ச் புதிது. பாதியில், அவள் இருமிய இடத்தில், எஞ்சின் என்னிடம் இரண்டாவது கியர் கேட்டது. போட்டேன். இழுத்தது. பதினேழு வருடத்தில் இவ்வளவு லேசாக அது ஏறி நான் பார்த்ததில்லை.

பின்னாலிருந்து பெருமாள் கத்தினார்: "பறக்குது சார்!"

உச்சியில், திரும்பும் இடத்தில் நிறுத்தினேன். கைதான் முந்திக்கொண்டது, நீட்டி இடது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கீழேயிருந்து பனி மெல்ல ஏறி வந்து, கதவருகே கொஞ்சம் நின்று, உள்ளே வந்து உட்கார்ந்தது. அதற்கு எடை இல்லை. காருக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை.